அடிக்க வேண்டிய வரி

அக்காவின் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. தங்கை அதில் ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொண்ணையும் போட்டுக்கோ. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ்வளவுதான்க்கா."

"தெரியும்டி. இன்னிக்கு இருக்கிற நிலைமைக்குச் சொல்றேன்."

"நிலைமைக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைக்க இது உப்பு இல்ல. அண்ணன் அதை எழுதியே இருக்கான்."

அண்ணன் என்ற சொல் வந்ததும் இருவரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். நீலச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். பையில் பேனா இல்லாமல் அந்தச் சட்டையை யாரும் பார்த்ததில்லை. அக்கா மிச்சமிருந்த மாத்திரையைக் கையிலேயே மூடிக்கொண்டு வெளியே போனாள்.

நேற்று மாலை, மருந்துக்கடையில், மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினானாம். கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடைக் கூட்டாளி உடனே ஃபோன் செய்தது வேறு ஊரிலிருந்த அக்காவுக்கு. கடையிலிருந்து நான்கு தெரு தள்ளி, அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கைக்கு விடிந்த பிறகுதான் சொன்னார்கள், அதுவும் 'கொஞ்சம் உடம்பு முடியலை' என்று. அவன் சாப்பாட்டின்மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும் அவர்கள் சொல்லும்வரை தெரியாதவள் மாதிரியே இருந்தாள். அவளிடம் எதையும் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். அந்தப் பாடத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

அழுவதில்தான் சிக்கல் வந்தது. வண்டியிலிருந்து அவனை இறக்கும்போது வாய்விட்டு அழுதாள். "ஆரம்பிச்சுடுச்சு" என்று அத்தான் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. உடனே அழுகையை விழுங்கிக்கொண்டு பெட்டியருகே ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து அக்கா அத்தானிடம் சொன்னாள்: "பாருங்க, கூடப் பொறந்தவன் கிடக்கான், ஒரு பொட்டுக் கண்ணீர் வரலை. ஆரம்பிச்சுடுச்சுன்னுதான் நினைக்கிறேன்." மற்றவர்களுக்கு வந்தால் துக்கம், இவளுக்கு வந்தால் அறிகுறி. எவ்வளவு அழுதால் சரியான அளவு என்று எந்த மாத்திரை அட்டையிலும் அச்சடித்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ கொடுத்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனவள் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். உள்ளே அத்தானின் குரல்.

"பேசிட்டேன். இடம் இருக்காம். ஒரு மாசம் வச்சுப் பார்ப்பாங்க, அப்புறம் தேவைப்பட்டா நீட்டிக்கலாமாம்."

"இன்னிக்கேவா?" என்றாள் அக்கா.

"வேற என்னிக்கு? நாம நாளைக்குக் கிளம்பணும். இந்த வீட்டுல இவளைத் தனியா விட்டுட்டுப் போக முடியுமா? அவன் இருந்தான், பார்த்துக்கிட்டான். இனிமே யாரு இருக்கா? மூணு மணிக்கு வண்டி வரும். எல்லாம் முடிஞ்சதும் வர்ற வழியில அப்படியே விட்டுடலாம்."

"அவகிட்ட யாரு சொல்றது?"

"கார்ல ஏறினப்புறம் சொல்லிக்கலாம்."

தங்கை கோப்பைகளைச் சத்தம் போடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்த மாதிரி மனநல இல்லங்களில் அவள் மூன்று முறை இருந்திருக்கிறாள். கொடுமையான இடம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை டிவி. ஆனால் பென்சில் தரமாட்டார்கள். கூர்மையான பொருளாம்.

அவளுக்கு அத்தான்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று நேற்றிலிருந்து அவளுக்கே சந்தேகம். அவள் போட்டிருந்த அண்ணனின் பழைய ஸ்வெட்டர் பையில் நான்காக மடித்த இரண்டு தாள்கள் இருந்தன. அவற்றை இதுவரை ஐந்து முறை படித்துவிட்டாள். இருக்க வேண்டியது அதில் இல்லை.

அது என்னவென்று சொல்வதற்கு முன், அண்ணன் எழுதிய கதையைச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்களின் சங்கத்துக்கு ஒரு மாத இதழ் உண்டு. புது மருந்து விவரம், விலைப் பட்டியல், சங்கத் தலைவர் ரிப்பன் வெட்டும் படம், இவ்வளவுதான் அதில் இருக்கும். படிப்பவர்களைவிட அதில் பொட்டலம் கட்டுகிறவர்களே அதிகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதன் கடைசிப் பக்கத்தில் அண்ணன் எழுத ஆரம்பித்தான். தலைப்பு, 'கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம்'. மனநோய்க்கு மருந்து வாங்க வருகிறவர்களைப் பற்றி, அவர்களிடம் கடைக்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி, மாதம் ஒரு பக்கம். மருந்தின் பெயரைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் கத்தாதீர்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் கெடு தேதியும் வாங்குகிறவர் பக்கம் போகட்டும். 'இருப்பு இல்லை, நாலு நாள் கழிச்சு வாங்க' என்று சொல்லாதீர்கள், அந்த நாலு நாளில் ஒரு மனிதர் தன் வேலையை இழக்கலாம். 'யாருக்கு?' என்று கேட்காதீர்கள், இருமல் மருந்து வாங்குகிறவரிடம் நீங்கள் அப்படிக் கேட்பதில்லை. இப்படியே பதினோரு வருஷம்.

எழுதுவது அவன், அடிப்பது அவள். அதுதான் அவர்கள் வேலை செய்த முறை. மருந்துக் கம்பெனிகள் அனுப்பும் விலைப் பட்டியலின் வெற்றுப் பின்பக்கத்தில், இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு எழுதி, காலையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவான். அவள் சிவப்புப் பென்சிலோடு உட்காருவாள். அவள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்த வரியைப் படிக்கும்போது, யாரோ தன் தலையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறதோ அந்த வரி போக வேண்டும். ஒரே கோடு, காரணம் எழுத மாட்டாள், அவனும் கேட்க மாட்டான். "கத்திரி, இந்தத் தடவை எத்தனை தலை உருண்டுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பின்னால் செருகிக்கொள்வான். கத்திரி என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் அவள் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. எல்லாமே ரொம்பச் சரியாக, ரொம்ப வெளிச்சமாக எழுதியிருப்பதாகத் தோன்றியது. மறுநாள் காலையில் அண்ணன் கடைக்குப் போகாமல், "வா, டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றான். சரியான நேரத்தில் பார்த்ததால் உள்ளே சேர்க்காமலே சமாளித்துவிட்டார்கள். தெளிந்த பிறகு அந்த மாத இதழை எடுத்துப் பார்த்தாள். அச்சில் ஒரு வரி குறைந்தது. அவள் அடிக்காமல் விட்ட வரி. 'இவர்கள் குழந்தைகளைப் போன்றவர்கள். நம் அன்பு ஒன்றே இவர்களுக்கு மருந்து.' அவனே எடுத்திருந்தான்.

அவன் கட்டி வைத்திருந்த பழைய தாள்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு வரி இருந்தது. மற்ற வரிகளை எழுதியவன் எழுதவே முடியாத வரி. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாதா மாதம் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே ஒளித்து வைக்கிறான். அவள் பிடித்துவிட்டால் நலம். விட்டுவிட்டால் டாக்டர். தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. 'திருட்டுப் பயல்' என்று சொல்லிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். தனக்குத் தெரியும் என்று அவனிடம் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அதை நினைத்துச் சிரிக்க முடிந்ததில்லை. யாராலும் முழுப் பொய்யை எழுதிவிட முடியாது. அந்த வரிகள் அவனுக்குள் எங்கிருந்தோதான் வந்தன. கல்யாணம் செய்துகொள்ளாதவன், ஒரு பயணம் போகாதவன், எட்டு வயது சின்னவளின் மாத்திரை நேரத்தைப் பார்த்தே அறுபத்தொரு வயதுக்கு வந்தவன். அலுப்பு இருக்காதா? அந்த அலுப்பில் மாதம் ஒரு வரியை அவள் சிவப்புக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவர்களுக்குள் அதைவிட அதிகமான பேச்சு தேவைப்படவில்லை.

நேற்றுக் காலையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இரண்டு தாள்கள் இருந்தன. அவள் படித்தாள். அப்படிப்பட்ட வரி எதுவும் கண்ணில் படவில்லை. மறுபடி படித்தாள். மத்தியானம் ஒரு தடவை. அவன் திரும்பி வராத சாயங்காலத்தில் ஒரு தடவை. இன்று விடிந்ததும் ஒரு தடவை. அவன் வைக்காமல் இருக்க மாட்டான். அப்படியென்றால் வைத்திருக்கிறான், அவளுக்குத்தான் தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்றால் அத்தான் பேசிவைத்திருக்கிற இடம் சரியான இடம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீலச் சட்டையோடு படுத்திருக்கிறான்.

பதினொரு மணிக்குமேல் அக்காவுக்குத் தெரியாத ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக வந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒரு நிமிஷம் பெட்டியருகே நின்றுவிட்டு, சுவர் ஓரமாகப் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு அலுவலகக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை போல ஒருத்தி, கையில் பெயின்ட் காயாத ஒரு வேலையாள். அக்கா ஒவ்வொருவரிடமும் போய், "தம்பிகூட எப்படிப் பழக்கம்?" என்று விசாரித்தாள். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: "கடையில பழக்கம்."

"இவ்வளவு பேருக்கா மருந்து கொடுத்தான்?" என்று அக்கா வந்து தங்கையிடம் கேட்டாள். "என்ன வியாதிடி இவங்களுக்கெல்லாம்? பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க."

"ஆமாக்கா" என்றாள் தங்கை. "நல்லாத்தான் இருக்காங்க."

பழுப்புத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கேட்டைத் தாண்டாமல் ஒருவர் நின்றிருந்தார். அத்தான் போய், உள்ளே வரச் சொல்லி, யாரென்று கேட்டார்.

"எங்க சித்தப்பாவுக்கு மாத்திரை வாங்க வருவேன்" என்றார் அவர்.

தங்கைக்குச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. பையிலிருந்த இரண்டு தாள்களும் அவரைப் பற்றியவைதான். பன்னிரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வந்து, சித்தப்பாவுக்கு என்று சொல்லி வாங்கிப் போகிற ஒருவர். அண்ணன் ஒரு தடவைகூட அந்தச் சித்தப்பாவின் வயசைக் கேட்டதில்லை. போன மாதம் ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, அட்டையை வாங்கிக்கொண்டு அவர் சொன்னாராம்: "சித்தப்பா செத்துப்போய் ஒன்பது வருஷமாச்சு சார். இது எனக்குத்தான்." 'நான் மிச்சச் சில்லறையைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் போனார். அடுத்த மாதம் வந்து யாருக்கு என்று சொன்னாலும் நான் அதே மருந்தைக் கொடுப்பேன்' என்று அண்ணன் முடித்திருந்தான். அதில் எந்த வரியை அடிப்பது?

அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு கோப்பை டீயை எடுத்துப் போய்க் கொடுத்தாள். "சித்தப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியிருந்த பக்கம் பார்த்தார். "பரவாயில்லைங்க. நேரத்துக்குப் போட்டுக்கிறார்" என்றார். டீயைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் கேட்டருகிலேயே நின்றார்கள்.

அத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர், யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுத்தான் பழக்கம்.

"என்னம்மா, எப்படி இருக்கே?"

"இருக்கேன் அத்தான்."

"தூங்கினியா?"

"இல்லை. நீங்க தூங்கினீங்களா?"

அவர் அதை விட்டுவிட்டார். "இன்னிக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா?"

"வியாழன்."

"மாசம்?"

அவள் மாசத்தையும் சொன்னாள், கூடவே வருஷத்தையும் சொன்னாள். "மூக்குக்கண்ணாடியைக் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கீங்களே, அது உங்க தலைமேல இருக்கு அத்தான்."

அத்தான் தலையைத் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டார். "ஒரு மாத்துத் துணி, சோப்பு, சீப்பு எல்லாம் ஒரு பையில எடுத்து வச்சுக்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எதுக்கும்."

அவள் போய் எடுத்து வைத்தாள். எதிர்த்துப் பேசத்தான் நினைத்தாள். ஆனால் ஸ்வெட்டர் பையிலிருந்த தாள்கள் அவளைப் பேச விடவில்லை. இரண்டு உடுப்பு, துண்டு, சீப்பு. கடைசியில் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பார்த்தாள். எப்படியும் அங்கே வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு, துணிப்பையைக் கொண்டுவந்து கதவருகே வைத்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் காலில் அது இடறிக்கொண்டே இருந்தது.

இரண்டரை மணிக்கு ஒரு அம்மாள் வந்தாள். எழுபது வயது இருக்கும், நரைத்த முடி, கையில் துணி சுற்றிய ஒரு பொருள். மனநலம் பாதித்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பின் செயலாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். துணியைப் பிரித்தாள். மரப்பலகையில் பித்தளைத் தகடு, அதில் அண்ணனின் பெயர், 'எழுத்துக்காக' என்ற ஒரு சொல்.

"வர்ற ஞாயித்துக்கிழமை விழா" என்றாள். "சாரை மேடையில வச்சுக் கொடுக்கிறதா இருந்தோம். நாங்க இதுவரைக்கும் டாக்டருங்களுக்குத்தான் கொடுத்திருக்கோம். கடைக்காரர் ஒருத்தருக்கு இதுதான் முதல் தடவை. எங்க ஆளுங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க."

அக்கா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. அவன் எழுதுவானா?"

அவன் தங்கையிடமும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் எழுதியதையெல்லாம் அவளிடம் காட்டியவன் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? ஒருவேளை சொல்லியிருப்பானோ, இவளுக்குத்தான் பதியவில்லையோ? கை தன்னால் ஸ்வெட்டர் பையிலிருந்த தாள்களைத் தொட்டது.

"விழாவில படிக்கிறதுக்கு அவரைப் பத்தி ஒரு குறிப்பு இருக்கு" என்றாள் செயலாளர் அம்மாள். "இப்ப படிக்கலாமா? வண்டி வர்றதுக்கு முன்னாடி?"

அத்தான் தலையை ஆட்டினார். சுவர் ஓரமாக நின்றவர்கள் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். தொப்பிக்காரரும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து கதவருகே, அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்றார். அம்மாள் ஒரு தாளைப் பிரித்துப் படித்தாள். முப்பத்தாறு வருஷமாக மருந்துக்கடை. பதினோரு வருஷமாக ஒரே பக்கம். மருந்தின் பெயரைக் கத்திச் சொல்லக் கூடாது என்பதற்காக எழுத ஆரம்பித்து, இன்றும் அதற்காகவே எழுதுகிறவர். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இது அவனுடைய நடை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"'மூளை கலங்கிய ஒரு தங்கைக்காகத் தன் வாழ்நாள் முழுவதையும் தியாகம் செய்த இந்த உத்தமர்...'"

"அது வேண்டாம்" என்றாள் தங்கை.

குரல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அறை முழுக்கக் கேட்டது. அம்மாள் நிறுத்திவிட்டாள். அக்கா ஓடிவந்து தங்கையின் தோளைப் பிடித்தாள். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, "நான் சொன்னேன்ல" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"அந்த ஒரு வரி வேண்டாம்" என்று மறுபடி சொன்னாள். அவள் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"வாம்மா, உள்ள போலாம்" என்றார் அத்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் செயலாளர் அம்மாள். தாளைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அம்மாளின் முகம் மாறியது. "தப்பு என்னுதுதான். உங்ககிட்ட காட்டிட்டுத்தான் படிக்கணும்னு சார் சொல்லியிருந்தார். அச்சுக்குப் போறதுக்கு முந்தி தங்கச்சி பார்க்கணும், அவங்க பார்க்காம எதுவும் போகாதுன்னார். நாளைக்கு எடுத்துட்டு வர்றதா இருந்தேன். இன்னிக்குப் போய் இதை எப்படிக் காட்டறதுன்னு..."

"இதை யாரு எழுதினது?"

"அவர்தான். விருது வாங்கறவங்களையே அவங்களைப் பத்தி எழுதித் தரச் சொல்லுவோம்."

தாளை நீட்டினாள். விலைப் பட்டியலின் பின்பக்கம். இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெள்ளையாக விட்டிருந்தது. அண்ணனின் கையெழுத்து, நடுவில் ஒரு திருத்தம்கூட இல்லாமல். மூளை கலங்கிய என்ற சொற்களை அவன் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, அழகாக எழுதியிருந்தான்.

அவள் சர்க்கரை டப்பாவை நினைத்துக்கொண்டாள். இந்த மாதத்து வரியை அவன் இங்கே வைத்திருந்தான். விருதுச் செய்தியும் வரியும் ஒன்றாக அவள் கைக்கு வரட்டும் என்று இருந்திருப்பான். அவள் அதை அடித்துவிட்டு நிமிர்ந்து, "என்னடா இது, விருதா?" என்று கேட்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடியிருப்பான்.

கண்ணாடிப் பெட்டியின் மேலேயே தாளை வைத்தாள். எழுதுவதற்குச் சமமாக வேறு இடம் பக்கத்தில் இல்லை. ஆரம்பத்திலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்து, அந்த வரியில் ஒரே கோடு போட்டாள். பெட்டியின் குளிர் தாளுக்கு மேலே விரல்வரை வந்தது. கோடு போட்டதும் பழக்கதோஷத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள். தாளை வாங்கியதும் அவன் வேறெதையும் படிக்க மாட்டான், நேரே அந்த ஒரு இடத்தைத்தான் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். இப்போது அந்த மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை எந்த அளவும் பார்க்காமல் அழுதாள். பெயின்ட் கை வேலையாளும் அழுதுகொண்டிருந்தார், ஆசிரியையும் அழுதுகொண்டிருந்தாள், யார் கண்ணீர் எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் பையிலிருந்து மற்ற இரண்டு தாள்களையும் எடுத்துக் கடைக் கூட்டாளியிடம் கொடுத்தாள். "இதைச் சங்கத்துக்கு அனுப்பிடுங்க. கடைசிப் பக்கத்துக்கு. அடிக்க ஒண்ணும் இல்லை, அப்படியே போடலாம்."

செயலாளர் அம்மாள் குறிப்பை முதலிலிருந்து மறுபடி படித்தாள். அந்த வரி இல்லாமல் அது சின்னதாக, சரியாக இருந்தது. அக்கா அதைக் கேட்கவில்லை. பெட்டியின்மேல் இருந்த பென்சிலையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆள் போதுமா என்று அத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் தொப்பியைக் கதவருகே இருந்த பையின்மேல் வைத்துவிட்டு முன்பக்கம் வந்து தோள் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஐந்தரை. அத்தான் வழியில் ஓரிடத்தில் காரின் வேகத்தைக் குறைத்தார். அக்கா பின்சீட்டிலிருந்து, "வீட்டுக்குப் போங்க" என்றாள். அவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். "பை வீட்டுலதான் இருக்கு" என்றாள் அக்கா, அதுதான் காரணம் என்பது போல.

வீட்டில் நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. பெட்டி இருந்த இடம் ஈரமாக இருந்தது. தங்கை ஒரு துணியை எடுத்து வந்து துடைத்தாள். கோப்பைகளைக் கழுவினாள். அவனுக்காக மூடி வைத்த நேற்றைய சாப்பாடு இன்னும் மேஜையிலேயே இருந்தது. அதைக் கொட்டத் தட்டை எடுத்தாள், கொட்ட முடியாமல் மறுபடி மூடி வைத்தாள். அத்தான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். உள்ளே வந்தார், மறுபடி வெளியே போனார். பை கதவருகிலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

விளக்குப் போட்டதும் அக்கா தண்ணீர் டம்ளரோடு வந்தாள். மாத்திரை டப்பாவில் ராத்திரிக்கு உண்டான அறை எது என்று அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். தங்கையின் முன்னால் நின்று மூடிய கையை நீட்டித் திறந்தாள்.

உள்ளங்கையில் ஒரு மாத்திரைதான் இருந்தது.